நகராத நாடா

எங்கள் வீட்டில் சாயந்திரச் செபமாலைக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. பத்து மணிகளை உருட்டி, பரலோக மந்திரமும் சொல்லி முடித்ததும், அடுத்த பத்தைத் தொடங்குவதற்கு முன்னால், நான் புல்புல்தாராவில் மாதா பாட்டு ஒன்றின் இரண்டு வரியை வாசிப்பேன். கம்பியின் சத்தம் அடங்கியதும் என் வீட்டுக்காரி அடுத்த மங்கள வார்த்தைச் செபத்தை எடுப்பாள். செபத்தின் முதல் பாதியை அவள் சொல்ல, மறுபாதியை நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்வோம். கோயிலில் யாரும் இப்படி வாத்தியம் வைத்துச் செபமாலை சொல்லி நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், செபத்தின் நடுவில் நான் தூங்கி விழுகிறேன் என்று கண்டு அவள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள். கையில் வேலை இருந்தால் கண் மூடாது என்பது அவள் எண்ணம். அது பலித்தது.

குமிளி மலையில், ஆனைக்கரைப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. குடியிருப்பு தோட்டத்து லயத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள்; வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை எட்டாது. அடுத்த வீட்டில் அடுப்பு ஊதினால் எங்கள் வீட்டில் கேட்கும். அதனால் மெதுவாக வாசித்தே எனக்குப் பழகிவிட்டது.

புல்புல்தாராவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது ஒரு நீள மரப்பெட்டி. மேலே கம்பிகள், பக்கத்தில் டைப் மிஷினில் இருப்பதுபோல் கட்டைகள். இடது கை கட்டையை அமுக்கும், வலது கை கம்பியை மீட்டும். மற்றவர்கள் அதைக் கணீரென்று தட்டி வாசிப்பார்கள். நான் உடைந்த சீப்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டால் லேசாக வருடுவேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. டிபி என்றார்கள். தினம் ஊசி, மாதக்கணக்கில். அந்த ஊசிதான் அவளைப் பிழைக்க வைத்தது. அதற்காக ஆண்டவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். ஆனால் நெஞ்சு தெளியத் தெளியக் காது மங்கியது. சிலருக்கு அந்த ஊசியால் அப்படி ஆகிவிடும், ஒன்றும் செய்ய முடியாது என்று தோட்டத்துக் கம்பவுண்டர் கையை விரித்துவிட்டார். முதலில் கொலுசுச் சத்தம் போனது. அப்புறம் குருவிகள். அப்புறம் என் சீப்புத் துண்டு.

செபமாலை அதோடு குழம்பிப்போனது. நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த மங்கள வார்த்தையை ஆரம்பித்துவிடுவாள். இல்லையென்றால் நான் எப்போதோ முடித்துவிட்டிருப்பேன், அவள் என் கையையே பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். பிள்ளைகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் முதுகில் ஒருவர் முகத்தைப் புதைப்பார்கள். நான் முடிந்தது என்று கையைத் தூக்கிக் காட்டிப் பார்த்தேன்.

“கையக் காட்டாதீங்க. மாட்ட நிப்பாட்டுற மாதிரி இருக்கு” என்றாள்.

“பெறகு எப்படித்தான் சொல்ல?”

“சொல்லவே வேணாம். எனக்குக் கேக்கலன்னா என்ன? நான் கேக்குறது அங்கன கேட்டாப் போதும்” என்று சுவரில் இருந்த மாதா படத்தைக் காட்டினாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அன்றைக்குச் செபம் முடிந்து நான் வாத்தியத்தைத் துணியில் சுற்றி வைத்தபோது, அந்த மரப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு ஓடவில்லை. என்ன பாடுபட்டாவது அந்த இரண்டு வரியை அவள் காதில் போட்டுவிட வேண்டும்.

வழி ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. வண்டன்மேட்டில் எங்கள் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையின் அண்ணன் பேர்ஷ்யாவில், அதாவது வளைகுடாவில், வேலை பார்த்துவிட்டு வந்தவர். கையில் ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார். மதியம் அடித்த மேளத்தைப் பதிந்து, சாயந்திரம் போட்டுக் காட்டினார். எல்லாரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரி அந்தப் பெட்டியின் பக்கத்தில் போய், பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பவள் மாதிரி குனிந்து, காதை ஒட்ட வைத்துக்கொண்டாள்.

“மேளம் கேக்குதுங்க” என்றாள், பந்தலே திரும்பிப் பார்க்கும்படி.

சின்னச் சத்தத்தை உள்ளே வாங்கிப் பெரிதாக்கி வெளியே விடும் பெட்டி இருக்கிறது என்றால், என் புல்புல்தாராவை அதற்குள் போட்டுவிடலாமே. போனஸ் வந்த மாதம், வாத்தியத்தை அவளுடைய பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு குமிளிக்குப் பஸ் ஏறினேன்.

குமிளியில் ரேடியோக் கடை வைத்திருந்தவர் கம்பத்துக்காரர். வாய் ஓயாது. அவரிடம் அப்போது இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று புதுசு, பளபளவென்று, மைக்கும் உள்ளேயே அடக்கம். மற்றொன்று யாரோ கொடுத்துவிட்டுப் போன பழசு. செங்கல் மாதிரி கனம், முகப்பில் ஒரு முள், ஒரு திருகு, தனியாக ஒயரில் தொங்கும் மைக்கு. நான் பழசைப் பார்ப்பதைக் கண்டு அவர் புதுசை முன்னால் தள்ளினார்.

“அது ரேடியோ ஸ்டேசன்காரனுக்குண்ணே. இது பாருங்க. சத்தம் கொறஞ்சா தானே கூட்டிக்கிரும், கூடுனா தானே கொறச்சுக்கிரும். நீங்க கையே வைக்க வேணாம். பச்சப்புள்ள கூடப் பதியலாம்.”

“மெதுவான சத்தம் புடிக்குமா?”

“எறும்பு நடந்தாப் புடிக்கும்.”

படம் காட்டுவதுபோல் ஒரு சினிமாப் பாட்டை அலறவிட்டார். நான் சேலையைப் பிரித்து, கடை மேசையிலேயே வாத்தியத்தை வைத்து இரண்டு வரி வாசித்தேன். திருப்பிப் போட்டார். ரோட்டில் ஜீப்பு போகும் சத்தம், அவர் தொண்டையைச் செருமியது, எல்லாவற்றுக்கும் நடுவில் என் மெட்டும் நன்றாகத்தான் கேட்டது. இத்தனை சன்னமாக வாசித்தது இவ்வளவு பெரிதாக வருகிறதே என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திருகு, முள் என்றால் எனக்குப் பயம் வேறு. கையே வைக்க வேண்டாம் என்ற பெட்டியை வாங்கிக்கொண்டேன். “ஒரு மாசம் வச்சுப் பாருங்க, புடிக்கலன்னா கொண்டாங்க” என்று சொல்லி, காதில் செருகிக் கேட்கும் ஒரு குமிழையும் சேர்த்துக் கொடுத்தார். “பதியும்போதே காதுல வச்சுச் சரி பாக்கலாம்” என்று இன்னும் ஏதேதோ சொன்னார். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் செபமாலையை முழுவதும் பதிந்தேன். தகரத்தின் மேல் மழை. முடிந்ததும் பெட்டியை அரிசிப் பானையின் மேல் வைத்து, பிள்ளைகளும் கேட்கட்டும் என்று குமிழைச் செருகாமல் சத்தமாகவே போட்டேன். பெட்டியிலிருந்து அவள் குரல் மங்கள வார்த்தையின் முதல் பாதியைச் சொன்னதும், பிள்ளைகள் பழக்கத்தில் எழுந்து முழங்காலிட்டு மறுபாதியைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் சொன்னது. அடுத்த வீட்டுக்காரி, ஏலக்காய் பறிக்கப் போகும் பெண், தினமும் சுவருக்கு அப்பாலிருந்தே எங்களோடு செபம் சொல்பவள். ஒரு பத்து முடிந்ததும் சந்தேகம் வந்து வாசலில் வந்து நின்றாள்.

“என்னண்ணே இன்னைக்கு ரெண்டு தடவ? தவக்காலம் வந்துருச்சா?”

பெட்டியைக் காட்டினேன். மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். “மிசினு சொன்னா மாதாவுக்கு ஏறுமாண்ணே?” என்றாள். சாமியாரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து காதுக் குமிழை என் வீட்டுக்காரியிடம் கொடுத்தேன். நாடாவை முதலிலிருந்து ஓடவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைச் சுருக்கினாள். அப்புறம் குமிழைப் பிடுங்கி எடுத்தாள்.

“யாருங்க இது, கத்துறது?”

அவள் மறுபடியும் செருகிக்கொண்டு கேட்டாள்.

“நானா?”

காது மங்கியவர்களுக்குத் தங்கள் குரல் ஏறிப்போவது தெரியாது. எங்களுக்கு அது பழகிப்போய் ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. பெட்டி அதை அவளிடம் சொல்லிவிட்டது. அவள் கேட்க வேண்டிய புல்புல்தாராவோ கேட்கவே இல்லை. அவள் குரல் உரக்க வந்ததும் பெட்டி பயந்துபோய் எல்லாவற்றையும் குறைத்துவிட்டது. அடுத்து வந்த என் இரண்டு வரி அந்தத் தாழ்வில் அமிழ்ந்துபோனது. கடைக்காரர் பெருமையடித்த அதே வேலையைத்தான் அது செய்திருந்தது.

“லயம் பூராக் கேட்டுருக்கும்ல?” என்றாள்.

வாசலில் நின்றவள் சிரித்துக்கொண்டே, “நீங்க செபம் எடுத்ததும்தானே மதினி நான் ஒல வைக்கிறது” என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். என் வீட்டுக்காரிக்கு வாயசைவு மட்டும் தெரிந்தது. “என்ன சொல்றா?” என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குமிழின் ஒயரை விரலில் சுற்றிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

மறுநாள் சாயந்திரம் செபமாலையை மகள் கையில் கொடுத்தாள். “நீ சொல்லு தாயி.”

மகள் சொன்னாள். என் வீட்டுக்காரியின் உதடு மட்டும் அசைந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். செபம் மட்டுமில்லை, பேச்சும் குறைந்தது. பிள்ளைகளை வாசலிலிருந்து கூப்பிடாமல், மேட்டில் ஏறிப்போய்த் தோளைத் தொட்டுக் கூட்டிவந்தாள். சண்டை போட்டால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றும் அளவுக்கு வீடு அமைதியாகிவிட்டது. நான் அவளுக்கு என் சத்தத்தைக் கொடுக்கப் போய், அவளுடைய சத்தத்தை எடுத்துவிட்டேன். மகள் கணக்காகத்தான் செபம் சொன்னாள். ஆனாலும் நான் இரண்டு வரி வாசித்து நிறுத்தும்போதெல்லாம் கண் தானாக என் வீட்டுக்காரி பக்கம் திரும்பும். அவளோ தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த மாதம் முடிவதற்குள் மறுபடியும் குமிளிக்குப் போனேன்.

“என்னாண்ணே, என்ன கொற?” என்றார் கடைக்காரர்.

“வீட்டுக்காரி சத்தம் வந்தா என் வாத்தியம் முங்கிப் போகுது.”

“எல்லார் வீட்லயும் அப்படித்தானண்ணே! அதுக்கு நான் என்ன செய்ய?”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் அடங்கினார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏணி போட்டு ஏறி, அந்தப் பழைய கனத்த பெட்டியை இறக்கினார்.

அன்று மதியம் முழுக்க அந்தக் கடையில் கழிந்தது. முதலில் மைக்கைக் கட்டைகளின் பக்கம் வைத்தோம். திருப்பிப் போட்டால் டொக், டொக் என்று கட்டை விழுவதுதான் பெரிதாகக் கேட்டது. “யாருண்ணே டைப் அடிக்கிறது, வக்கீல் ஆபீசா?” என்றார். மைக்கைக் கம்பி மீட்டும் பக்கம் மாற்றினோம். கட்டைச் சத்தம் பின்னால் போனது. மேசையின் அதிர்வு வந்தது. என் துண்டை நாலாக மடித்து வாத்தியத்தின் அடியில் வைத்தோம். கரண்டில் ஓட்டினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல் அடியில் ஓடியது. பேட்டரி செல் போட்டு ஓட்டினோம், உறுமல் போனது. லயத்தில் கரண்டே கிடையாது என்பதால் அது எனக்குச் சௌகரியம்தான். திருகை நான் எங்கே வைக்கிறேனோ அங்கேயே நின்றது. உரக்க இருமிப் பார்த்தேன். முள் துள்ளிவிட்டு இறங்கியது. கம்பியின் சத்தம் அமிழாமல் நின்றது.

“பழசுண்ணே, மூஞ்சியும் நல்லால்ல” என்றார்.

“பரவால்ல. இது யாருக்கும் பயப்படல” என்று சொல்லி அதையே எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து லயத்துச் சனம் சந்தைக்குப் போயிருந்தது. அவள் வாசல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துண்டை மடித்துப் போட்டு, மைக்கை வைத்து, மெட்டை மட்டும் பதிந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குமிழை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“நீ இல்ல இதுல. நான் மட்டுந்தான்” என்று வாயசைத்துக் காட்டினேன்.

வாங்கிச் செருகிக்கொண்டாள். நாடா ஓடியது. கத்தி பீன்ஸின் மேல் அப்படியே நின்றது. இரண்டு வரியும் முடிந்த பிறகும் அவள் அசையவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“ரெண்டாவது வரில, அந்த எறங்குற எடத்துல, இன்னும் வழுக்குறீங்களே!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிக்காட்டும் குறை அது. “போட்டுப் போட்டுக் காட்டுங்க” என்றாள். போட்டேன். பீன்ஸ் நறுக்கி முடியும் வரை போட்டேன். ஆனால் சாயந்திரம் வந்ததும் மணியை மகளிடமே கொடுத்தாள். “என்னைய விட்ருங்க. புள்ள நல்லாத்தானே சொல்றா” என்றாள்.

மற்றது நடந்தது அந்த வாரத்திலேயே. என் வழுக்கலைத் திருத்தி மறுபடியும் பதியலாம் என்று, பதிகிற பொத்தானை அமுக்கி, நாடா வீணாகாமல் இருக்க அதை மட்டும் பிடித்து நிறுத்துகிற பொத்தானையும் அமுக்கி வைத்து, முள்ளைப் பார்த்துத் திருகைச் சரி செய்துகொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பு கேட்டதன் நினைவில் குமிழைக் காதிலேயே வைத்திருந்தாள். அடுப்படியில் மகள் கைதவறி டம்ளரைப் போட்டாள்.

என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாடா ஓடவில்லை. நான் மைக்கைக் கையில் எடுத்து வாயருகே வைத்து, “கேக்குதா?” என்று கத்தினேன்.

காதைப் பொத்திக்கொண்டாள். “ஏன் இப்படிக் கத்துறீங்க? மெதுவாப் பேசுங்க!”

கடைக்காரர் பஸ் நேரத்தில் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதிய வைத்த நிலையில் பெட்டி, உள்ளே வாங்குவதை அப்படியே காதுக்குக் கொடுக்கிறது. நாடா நகர வேண்டியதே இல்லை. பிள்ளைகள் ஓடிவந்து ஆளுக்கொரு தடவை மைக்கில் “அம்மா” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் “என்ன, என்ன” என்று பதில் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அன்று சாயந்திரம் மைக்கை வாத்தியத்துக்குப் பக்கத்தில், துண்டின் மேல் வைத்தேன். மகள் முதல் பத்தைச் சொல்லி முடித்தாள். நான் வாசித்தேன், இறங்குகிற இடத்தில் எப்போதும்போல் வழுக்கியது. என் வீட்டுக்காரி உதட்டில் சிரிப்பு வந்து போனது. கடைசிக் கம்பி அடங்கியது. மகள் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள், சரியாக அந்த இடத்தில், அவள் மங்கள வார்த்தையை எடுத்துவிட்டாள். பழைய பழக்கம், தன்னை அறியாமல் வந்தது. முதல் சொல் உரக்கத்தான் வந்தது. அது குமிழ் வழியாக அவள் காதுக்கே போனது. திடுக்கிட்டாள். நிறுத்திவிடுவாளோ என்று நான் பயந்தேன். நிறுத்தவில்லை, குரலை மட்டும் படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்து, கல்யாணமான புதிதில் எப்படிச் சொன்னாளோ அந்த அளவில் கொண்டுவந்து நிறுத்தினாள். நாங்கள் மறுபாதியைச் சொன்னோம். மகள் செபமாலையை அவள் மடியில் வைத்தாள்.

சில நாள் கழித்து அடுத்த வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்ன மதினி, இப்பல்லாம் நீங்க செபம் சொல்றதே கேக்க மாட்டேங்குது? நேத்து ஒல வைக்க மறந்து அவரு பசியோட படுத்தாரு.”

மைக்கை அவள் பக்கம் நீட்டியிருந்தேன். என் வீட்டுக்காரிக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு முதல் மங்கள வார்த்தையை மட்டும் வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபாதி வந்ததும் குரலை இறக்கிக்கொண்டாள். அதுவும் எங்கள் வீட்டுச் செபமாலையில் ஒரு பழக்கமாகிவிட்டது.

அந்த வருஷங்களில் செல் வாங்கியே என் சம்பளத்தில் ஒரு பங்கு போனது. பதிய வாங்கிய பெட்டியில் அதற்கப்புறம் எதையும் பதியவில்லை. உள்ளே இருந்த நாடா ஒரே இடத்தில் நின்றது. எல்லாச் சாயந்திரங்களும் அதன் முன்னால் நடந்தன, ஒன்றும் அதில் ஏறவில்லை. இப்போது அதைப் போட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை பதிந்த இரண்டு வரி மட்டும் இருக்கிறது. இரண்டாவது வரியில், இறங்குகிற இடத்தில், வழுக்குகிறது.